மாசி, பங்குனி மாதங்களில் மழையும் வெயிலும்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாய்ப் பாசனக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

பெரும்போக நெல் அறுவடையாகிக் களத்துக்கு வந்தவுடன், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய தாலுகாக்களின் கண்மாய் ஆயக்கட்டுகளில் வருஷந்தோறும் ஒரே கேள்வி எழுகின்றது. கண்மாயில் இன்னும் தண்ணீர் நிற்கின்றது. மறுபடியும் நெல் நடலாமா, வேறு பயிர் செய்யலாமா, அல்லது நிலத்தைத் தரிசாகவே விட்டுவிடலாமா என்பதே அக்கேள்வி. இதற்கு விடை கூறுவோரில் பலர் கண்மாயைப் பாராமல் மேற்கு மலையைப் பார்க்கின்றனர். கோடை மழை ஒன்றிரண்டு பெய்துவிட்டால் பயிரைக் கரை சேர்த்துவிடலாம் என்பது அவர்களுடைய எண்ணம். அவ்வெண்ணம் சில வருஷங்களில் பலிப்பதுண்டு. பலிக்காத வருஷங்களிலோ, கதிர் வெளிவரும் தறுவாயில் மடை வறண்டு, விதை, எரு, கூலி, வாங்கிய கடன் ஆகிய யாவும் ஒருங்கே நஷ்டமாகின்றன.

ஆகையால் இவ்விரு மாதங்களின் சீதோஷ்ண நிலையை விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் முன்னதாகவே அறிந்திருப்பது மிகவும் அவசியம். இக்கட்டுரையில் சொல்லப்போவது அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் சுருக்கினால் இவ்வாறு கூறலாம்: கையிருப்பில் உள்ள நீரை நம்பிப் பயிர் செய்க, வரப்போகும் மழையை நம்பி உழவு மட்டும் செய்க. அதற்குரிய காரணங்களைக் கீழே காண்போம்.

மழையின் பங்கீடு

நமது பிரதேசத்துக்கு மேற்கே சுவர்போல் நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, தென்மேற்குப் பருவக்காற்றின் மழையில் பெரும்பகுதியைக் கேரளத்தின் பக்கமே இறக்கிவிடுகின்றது. இப்பால் உள்ள நாம் மழை மறைவில் இருக்கின்றோம். விருதுநகர் ஜில்லாவில் ஒரு வருஷத்தில் பெய்யும் மழை சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். இதில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கின்றது. மார்ச்சு முதல் மே வரையுள்ள கோடைக்காலத்தில் உத்தேசமாக ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கின்றது. ஆனால் இந்த ஐந்தில் ஒரு பங்கிலும் பெரும்பகுதி சித்திரை, வைகாசி மாதங்களிலேயே பெய்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். மாசி மாதமும் பங்குனியின் முற்பாதியும் வருஷத்திலேயே மழை மிகக் குறைந்த நாட்களைச் சேர்ந்தவை.

நமது கண்மாய்களை நிரப்புபவை மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் ஆறுகளுமே. இராஜபாளையத்தின் பக்கம் முடங்கியாறும், வத்திராயிருப்பின் பக்கம் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என்பனவும், தேவதானம், சேத்தூர்ப் பக்கத்தில் சாஸ்தா கோயில் மலையிலிருந்து வரும் நீரும் இவ்வகையைச் சேர்ந்தவை. மேற்கேயுள்ள கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்த பின்னரே அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் செல்லும். மிகுந்த நீர் அர்ச்சுனா நதி முதலியவற்றின் வழியாக வைப்பாற்றை அடைந்து மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. வடகிழக்குப் பருவத்தில் நிலமெல்லாம் நனைந்திருக்கும்போது பெய்யும் மழையே ஓடி வந்து கண்மாயில் சேரும். பங்குனி வெயிலில் வெடித்துக் கிடக்கும் பூமியின்மீது பெய்யும் மழையோ, பெய்த இடத்திலேயே உறிஞ்சப்பட்டு விடுகின்றது. வரத்துக் கால்வாயில் நீர் ஓடுவதற்கு முன் அதன் மணலும் மேற்புறத்துக் கண்மாயின் வறண்ட வயிறும் தத்தம் பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே கோடை மழை வயலை நனைத்தாலும், கண்மாயின் நீர்மட்டத்தை உயர்த்துவது அபூர்வம்.

மாசியில் எதிர்பார்க்கத்தக்கவை

நம் முன்னோர்கள் வருஷத்தை ஆறு பருவங்களாக வகுத்து, மாசி, பங்குனி மாதங்களைப் பின்பனிக் காலம் என்றனர். நமது பிரதேசத்தில் இப்பெயர் மாசியின் முற்பாதிக்கே பொருந்தும். அந்நாட்களில் இரவு குளிர்ந்தும், விடியற்காலையில் பனி இறங்கியும், நடுப்பகலில் வெயில் காய்ந்தும் இருக்கும். பகல் உஷ்ணம் பாரன்ஹீட் 91 முதல் 93 டிகிரி வரையில், அதாவது 33, 34 டிகிரி சென்டிகிரேடு அளவில் நிற்கும். காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மெல்ல வீசும். வானம் தெளிந்திருக்கும்.

இக்காலத்தில் மழை பெய்தால், அது தென் வங்கக் கடலிலோ குமரிக் கடற்பகுதியிலோ ஏற்படும் தாழ்வழுத்தத்தினாலும், கிழக்கிலிருந்து அலைபோல் வரும் காற்றினாலும் பெய்வதேயாகும். அது எப்போதாவது வருவது. வந்தால் அறுவடைக்கு நிற்கும் நெல்லுக்கும் களத்தில் காயும் தானியத்துக்கும் தீங்கு விளைவிக்கும். 2021ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் தமிழ்நாட்டில் வழக்கத்துக்குப் பன்மடங்கு அதிகமாக மழை பெய்து, பல ஜில்லாக்களில் கதிர் முற்றிய நெல் சாய்ந்து முளைவிட்டதை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆதலால் முற்றிய பயிரை ஆள் கிடைக்கவில்லை, இயந்திரம் வரவில்லை என்று நாள் கடத்தாமல், அக்கம்பக்கத்து நிலக்காரர்கள் ஒன்றுசேர்ந்து அறுவடை இயந்திரத்தை முன்னரே பேசி வைத்துக்கொள்வது நலம். நெல்லைச் சேமித்து வைப்பதானால் ஈரப்பதம் நூற்றுக்கு 14க்கு மேற்படாதவாறு உலர்த்தவேண்டும்.

பங்குனியில் எதிர்பார்க்கத்தக்கவை

பங்குனி பிறந்ததும் பகல் உஷ்ணம் 96 முதல் 99 டிகிரி பாரன்ஹீட் வரையில் ஏறுகின்றது. கடைசி வாரத்தில் 100ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. காலை வேளையில் காற்று அசைவற்று, பிற்பகலில் கடற்காற்றின் ஈரம் மலையடிவாரம் வரையில் வந்து சேரும். மார்ச்சு முதல் மே வரையில் தென்னிந்தியாவின் நடுவே வடக்குத் தெற்காகக் காற்றின் திசை மாறும் தாழ்வுப் பள்ளம் ஒன்று அமைவது வழக்கம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்றும் உள்நாட்டின் உலர்ந்த காற்றும் அதன் இருபுறத்திலும் வந்து கூடுகின்றன. வெயிலால் சூடேறிய மலைச்சரிவில் அவ்வீரக்காற்று மேலெழும்போது, பிற்பகல் இரண்டு மணிக்குமேல் மலையுச்சியின்மீது வெண்மேகங்கள் கோபுரம்போல் எழுந்து, மாலை மூன்றுக்கும் ஏழுக்கும் இடையில் இடியுடன் மழையாக இறங்குகின்றன. பங்குனிப் பிற்பாதியிலிருந்து சித்திரை, வைகாசி வரையில் நாம் காணும் கோடை மழை பெரும்பாலும் இத்தன்மையது.

இம்மழைக்கு மூன்று குணங்கள் உண்டு. முதலாவது, அது திட்டுத் திட்டாகப் பெய்யும். மம்சாபுரத்தில் ஓடை பெருகும்போது, சில மைல் கிழக்கேயுள்ள கரிசல் காட்டில் புழுதி அடங்காமல் இருப்பதுண்டு. இரண்டாவது, மழைக்கு முன் சூறைக்காற்று வரும். வாழை சாய்வதும், மாங்காய் உதிர்வதும், கூரை பறப்பதும் மழையினால் அன்று, அதற்கு முன்வரும் காற்றினாலேயாம். மூன்றாவது, மலைமேல் பெய்யும் மழை அடிவாரத்தில் தெரியாது. 2015ஆம் வருஷம் மே மாதத்தில் வத்திராயிருப்புக்கு மேலேயுள்ள சதுரகிரி மலையில் திடீரென்று பெய்த மழையினால் ஓடைகளில் வெள்ளம் பாய்ந்து, யாத்திரிகர்கள் சிலர் உயிரிழந்தனர். மேய்ச்சலுக்கோ விறகுக்கோ அடிவார ஓடைகளைக் கடந்து செல்வோர், மேற்கே இடி கேட்டவுடன் கரையேறிவிட வேண்டும்.

வெயிலும் மழையும் எவ்வளவு அருகருகே வரக்கூடும் என்பதற்கு 2018ஆம் வருஷத்து மார்ச்சு மாதம் ஓர் எடுத்துக்காட்டு. அம்மாதம் 11ஆம் தேதி, நமக்கு வடக்கே தேனி ஜில்லாவின் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் தீப் பரவி, மலையேறச் சென்றவர்கள் பலர் மாண்டனர். அதே வாரத்தில் குமரிக் கடலை அடுத்து உண்டான தாழ்வழுத்தத்தினால் தென் ஜில்லாக்கள் பலவற்றில் மழை பெய்தது. ஆகவே மாசி, பங்குனியில் அடிவாரத்து நிலக்காரர்கள் தட்டைக்கும் வரப்புப் புல்லுக்கும் தீ வைத்தல் கூடாது. மலைக்காடு எரிந்தால் ஓடைகளின் ஊற்று குன்றி, கண்மாயின் வரத்தும் குன்றும்.

ஓர் அங்குல மழையின் மதிப்பு

கோடை மழையை மிகைப்படுத்தி எண்ணுவதற்குக் காரணம், அதன் அளவை நாம் கணக்கிடாமையே. ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஏறக்குறைய 4,000 லிட்டர் நீருக்குச் சமம். ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் பெய்தால், ஏக்கருக்குச் சுமார் ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கின்றது. கேட்பதற்கு இது பெரிய தொகையே. ஆயினும் பங்குனி வெயிலில் நடவு செய்த நெல் வயல், பயிர் குடிப்பதும் ஆவியாவதும் அடியில் கசிவதும் சேர்த்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீரைச் செலவழிக்கின்றது. ஆகவே ஓர் அங்குல மழை நெற்பயிரை இரண்டரை நாள் காப்பாற்றும், அதற்கு மேலன்று. அதே மழை உளுந்துக்கும் எள்ளுக்கும் ஐந்தாறு நாளைக்குப் போதும். காய்ந்த உழவு நிலத்திலோ, அடுத்த பருவத்துக்கு வேண்டிய கோடை உழவை அதைக்கொண்டு முடித்துக்கொள்ளலாம். மழை ஒன்றே, அதன் பயன் பயிருக்குப் பயிர் வேறுபடுகின்றது.

கண்மாய்க் கணக்கு

இனி, கையிருப்பு நீரைக் கணக்கிடும் முறையைக் கூறுவோம். ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழம் நிற்கும் தண்ணீரை ஓர் ஏக்கர் அடி என்பர். அது 43,560 கன அடிக்குச் சமம். பத்து லட்சம் கன அடி என்பது ஏறத்தாழ 23 ஏக்கர் அடியாகும்.

மாசி மத்தியில் கண்மாயின் நீர்ப்பரப்பு எத்தனை ஏக்கர், சராசரி ஆழம் எத்தனை அடி என்று பார்க்கவேண்டும். மடையருகே உள்ள ஆழத்தைச் சராசரி என்று கொள்வது பெரும் பிழை. நமது கண்மாய்கள் தாம்பாளம்போல் ஓரத்தில் ஆழம் குறைந்து அமைந்தவை; வண்டல் படிந்தவை. ஆதலால் சராசரி ஆழம் மடையாழத்தில் பாதிக்கும் குறைவாகவே இருக்கும்.

உதாரணமாக, 200 ஏக்கர் ஆயக்கட்டுள்ள ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். மாசி மத்தியில் மடையருகே ஒன்பது அடியும், சராசரி நான்கு அடியும், நீர்ப்பரப்பு 100 ஏக்கரும் இருப்பதாகக் கொண்டால், இருப்பு 400 ஏக்கர் அடி. இதில் முதற்பங்கு வெயிலுக்குரியது. இம்மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர் நீர் ஆவியாகின்றது. மாதமொன்றுக்கு அது ஆறு முதல் எட்டு அங்குலம். நூறு நாட்களில் இரண்டடியை நெருங்கிவிடும். நீர்ப்பரப்பு நாளுக்கு நாள் சுருங்குவதையும், அடிக்கசிவையும், கால்நடைக்கென்று நிறுத்தவேண்டிய நீரையும் சேர்த்துப் பார்த்தால், 130 ஏக்கர் அடியைக் கழித்துவிடலாம். மீதி 270. வாய்க்காலில் மடையிலிருந்து கடைமடை வரையில் நான்கில் ஒரு பங்கு வீணாவதாகக் கொண்டால், வயலில் சேர்வது சுமார் 200 ஏக்கர் அடியேயாகும்.

நெல்லுக்கு நாற்றங்கால் முதல் அறுவடை வரையில் சுமார் 1,200 மில்லிமீட்டர், அதாவது நான்கடி நீர் வேண்டும். ஆகவே மேற்படி கண்மாயை நம்பி 50 ஏக்கர் நெல் நடலாம். உளுந்து, பாசிப்பயறு ஆகியவற்றுக்கு ஏறத்தாழ ஓரடி போதும். ஆகவே அதே தண்ணீரைக் கொண்டு 200 ஏக்கர் ஆயக்கட்டு முழுவதிலும் பயறு விளைவிக்கலாம். மேலும், பயறு எழுபது நாளில் முடிந்துவிடுவதால் வெயிலுக்குப் போகும் பங்கும் குறையும்.

இங்கேதான் விபரீதம் நிகழ்கின்றது. 50 ஏக்கருக்குத் தண்ணீர் உள்ள கண்மாயில், ஒருவரைப் பார்த்து ஒருவராக 100 ஏக்கர் நெல் நட்டுவிட்டால், 50 ஏக்கராவது விளையும் என்று எண்ணுவது தவறு. நட்டவர் யாவரும் முதல் இரண்டு மாதத்துக்குத் தத்தம் பங்கு நீரை எடுத்துக்கொள்வர். பயிர் பொதி கட்டிப் பூக்கும் சமயத்தில், அதாவது தண்ணீர் மிகவும் அவசியமான நாட்களில், கண்மாய் எல்லோருக்கும் ஒருமிக்க வற்றும். நூறு ஏக்கரும் சாவியாகும். கடைமடைக்காரருக்கும் தலைமடைக்காரருக்கும் சச்சரவு மிஞ்சும்.

தண்ணீருக்கு ஏற்ற பயிர்

மேற்கண்ட கணக்கைக் கொண்டு பயிர்களைப் பின்வருமாறு தேர்ந்துகொள்ளலாம்.

கண்மாய் நீர் மட்டும் உள்ள நன்செய்களுக்கு உளுந்தும் பாசிப்பயறும் முதன்மையானவை. நெல் அறுவடைக்கு ஐந்து முதல் பத்து நாட்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் பயிருக்குள்ளேயே விதைத்துவிட்டால், நிலத்தில் எஞ்சிய ஈரத்திலேயே பயிர் எழும்பிவிடும். இயந்திரத்தால் அறுப்பவர்கள் அறுவடைக்குப்பின் ஓர் உழவு உழுது, மாசிக்குள் விதைத்து நீர் பாய்ச்சலாம். வெயிற்காலத்தில் வெள்ளை ஈ பெருகி மஞ்சள் தேமல் நோயைப் பரப்புமாதலால், அந்நோயைத் தாங்கும் வம்பன் 8 போன்ற உளுந்து இரகத்தை விதைப்பது நன்று. பூக்கும் தருணத்தில் ஒருமுறையும், பதினைந்து நாள் கழித்து மற்றொரு முறையும் நூற்றுக்கு 2 பங்கு டி.ஏ.பி. கரைசலைத் தெளித்தால் காய் பிடிப்பு அதிகமாகும். கரைசலை முதல் நாள் இரவே ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் உபயோகிக்க வேண்டும்.

மாசிப் பட்டத்து எள், மணல் கலந்த செம்மண் நிலங்களுக்கு ஏற்றது. எண்பது, தொண்ணூறு நாளில் அறுவடையாகும். ஆனால் தேங்கும் நீரை எள் ஒருநாளும் சகியாது. பங்குனிக் கடைசியில் பலத்த மழை பெய்யின் நீர் உடனே வடியும்படி வாய்க்கால் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

கோடை இறவைப் பருத்தியை மாசியில் விதைக்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கப்பட்ட எஸ்.வி.பி.ஆர். 2 என்ற இரகம் இதற்குப் பெயர்பெற்றது. ஆயினும் பருத்தி ஐந்து மாதப் பயிர். ஆனி, ஆடி வரையில் அதற்கு நீர் வேண்டும். கண்மாய் அதுவரையில் நில்லாது. ஆகவே கோடையிலும் ஊற்றுள்ள கிணறு உடையவர்களே இதில் இறங்கவேண்டும்.

கோடை நெல்லை, கண்மாய்க்கு மிக அருகே தலைமடையிலும், நம்பத்தக்க கிணற்றுத் துணையோடும், குறுகிய வயதுடைய இரகங்களிலும் மட்டுமே செய்யலாம். அதுவும் மாசி பத்தாம் தேதிக்குள் நடவு முடியுமானால் மட்டுமே செய்யலாம். பங்குனியில் நடுபவர் சித்திரை, வைகாசி வெயிலில் பூக்கவிட்டுப் பதரை அறுப்பர்.

மா, தென்னை, வாழைத் தோப்புகள்

இராஜபாளையத்துச் சப்பட்டை, பஞ்சவர்ணம் முதலிய மாங்கனிகளின் விலையை நிர்ணயிப்பவை மாசியின் பனியும் பங்குனியின் காற்றுமேயாம். பனியும் மூட்டமும் மிகுந்த நாட்களில் பூங்கொத்துகளில் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் பரவும். சாம்பல் நோய் கண்டால் நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து, வெயில் ஏறுமுன் தெளிக்கலாம். ஆனால் பூ முழுவதும் மலர்ந்திருக்கும்போது எந்த மருந்தையும் தெளித்தல் கூடாது. மகரந்தம் சுமக்கும் ஈக்களும் தேனீக்களும் மடிந்து, காய் பிடிப்பே குறைந்துவிடும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்தபின் வசதியுள்ளோர் பாத்தியில் நீர் விட்டால் உதிர்வு குறையும். காற்றுக்கு முன்னரே முற்றிய காய்களைப் பறித்துவிட வேண்டும். உதிர்ந்த இளங்காய் ஊறுகாய்க்கும் வற்றலுக்குமன்றி வேறெதற்கும் ஆகாது.

தென்னைக்கு வறட்சியின் பலன் உடனே தெரியாது. இவ்வருஷம் காய்ந்த மரம் அடுத்த வருஷத்திலும், அதற்கடுத்த வருஷத்திலும் குலை குறைந்து காட்டும். 2016ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை சராசரியைவிட நூற்றுக்கு 62 குறைந்தது. அடுத்த கோடையில் பல ஜில்லாக்களில் தென்னைகள் பட்டுப்போயின. ஆகவே மாசிக்குள் பாத்தியில் தேங்காய் மட்டைகளைப் புதைத்தும், ஓலையும் சருகும் பரப்பியும் ஈரத்தைக் காக்கவேண்டும். 2016 முதல் தென்னிந்தியாவில் பரவியுள்ள சுருள் வெள்ளை ஈ, உலர்ந்த வெயிலில் மிகப் பெருகும். மஞ்சள் நிற ஒட்டுப்பொறிகளைக் கட்டியும், ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியும் அதைக் கட்டுப்படுத்தலாம். கடுமையான விஷ மருந்துகள், அந்த ஈயை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் கொன்றுவிடுமாதலால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

குலை தள்ளிய வாழைக்குப் பங்குனி பிறக்குமுன் சவுக்கு முட்டுக் கொடுத்துவிட வேண்டும். சூறைக்காற்று வீசிய மறுநாள் முட்டு வாங்குவதில் பிரயோஜனமில்லை.

கோடை மழை பெய்தவுடன்

முக்கால் அங்குலத்துக்கு மேல் மழை பெய்து நிலம் உழுபதமானால், தரிசு நிலங்களை ஒரு நாளும் தாமதியாமல் சரிவுக்குக் குறுக்காக உழுதுவிட வேண்டும். இதனால் களை அழிகின்றது. மண்ணுக்குள் உறங்கும் புழுக்களின் கூடுகள் வெளிப்பட்டு வெயிலிலும் பறவைகளாலும் ஒழிகின்றன. பின்னர் பெய்யும் மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்குகின்றது. நிற்கும் பயிருக்கு மூன்று நாள் உதவும் மழை, உழவு நிலத்தில் அடுத்த பருவம் முழுமைக்கும் உதவுகின்றது. மேலும், கண்மாய் வற்றிய இடங்களில் தாசில்தாரின் அனுமதி பெற்று வண்டல் எடுத்து வயலுக்கு அடிக்கவும் இதுவே காலம். வயலுக்கு எருவும், கண்மாய்க்கு ஆழமும் ஒரே வேலையில் கிடைக்கின்றன.

வானிலை அறிக்கைகளைப் படிக்கும் முறை

1875ஆம் வருஷத்தில் நிறுவப்பட்ட இந்திய வானிலை இலாகா, பிப்ரவரி மாதக் கடைசியில், மார்ச்சு முதல் மே வரையுள்ள கோடையைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிடுகின்றது. வெயிலும் மழையும் சராசரிக்கு மேலாகவோ கீழாகவோ இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதையே அது பெரும் பிரதேசங்களுக்குக் கூறும். நமது ஊர்க் கண்மாயில் மழை பெய்யுமா என்பதை அதில் தேடக்கூடாது. பசிபிக் கடலின் உஷ்ண மாறுதல்களைப்பற்றிப் பத்திரிகைகளில் வரும் செய்திகளையும் இவ்வாறே கொள்ளவேண்டும். அக்கடல் வெகுவாகச் சூடேறிய 2015ஆம் வருஷத்தில் நமது வடகிழக்குப் பருவமழை சராசரிக்கு வெகு மேலாகப் பெய்தது. அடுத்த வருஷமே அது பொய்த்தது. இவை நமக்குப் பருவமழையைப்பற்றி எச்சரிக்கை தருவன. கோடை மழையின் நாளைக் குறிப்பன அல்ல.

ஒவ்வொரு வாரமும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் விவசாய வானிலை அறிக்கைகள், அடுத்த ஐந்து நாட்களைப்பற்றிக் கூறுவதால் அன்றாட வேலைக்கு மிகவும் உபயோகமானவை. மருந்து தெளித்தல், அறுவடை, எள் உலர்த்துதல் ஆகியவற்றை இவற்றைப் பார்த்தே திட்டமிட வேண்டும். 2019 முதல் வழங்கிவரும் ‘மேகதூத்’ என்ற கைப்பேசிச் செயலியிலும் இவற்றைத் தமிழில் காணலாம். இடி மின்னலைப்பற்றி அறிவிக்க ‘தாமினி’ என்ற செயலி உள்ளது. மின்னல் எச்சரிக்கை வந்தவுடன் மரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் செல்லுமாறு கூலியாட்களுக்கும் சொல்லவேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் பாசனச் சங்கத்தாருக்கும்

கண்மாய்க் கணக்கு ஒரு தனி விவசாயியால் ஆகக்கூடிய காரியம் அன்று. பத்துப்பேர் கட்டுப்பட்டு, பதினோராவது ஆள் நெல் நட்டால் கட்டுப்பாடு குலைந்துவிடும். பாசன நிர்வாகத்தில் விவசாயிகள் பங்குபெறுவதற்கென்று 2000ஆம் வருஷத்தில் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி அமைந்துள்ள சங்கங்கள், மாசி பிறப்பதற்கு முன்னரே ஆயக்கட்டுக் கூட்டம் கூட்டி, நீர்வளத்துறை அதிகாரிகளிடம் இருப்பு நீரின் அளவைக் கேட்டறிந்து, எத்தனை ஏக்கர் நெல், எத்தனை ஏக்கர் பயறு என்பதை எல்லோர் முன்னிலையிலும் தீர்மானித்து எழுதி வைக்கவேண்டும். சங்கம் இல்லாத ஊர்களில் பெரியோர்களும் கிராம நிர்வாக அலுவலரும் இதை முன்னின்று நடத்தலாம்.

ஊரில் ஒரு மழைமானியும், மடையருகே அடிக்கணக்கு எழுதிய அளவுக்கல்லும் இருந்தால் வீண் வாதங்களுக்கு இடமிராது. மழையை நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு அளந்து எழுதவேண்டும். மழைமானியைச் சுவரையும் மரத்தையும் ஒட்டி வையாமல் திறந்தவெளியில் வைக்கவேண்டும். இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறைந்த தூறலை மழைநாளாகக் கணக்கிடுவதில்லை. கோடைப் பயிரை அடங்கலில் உள்ளபடி பதிவது மற்றொரு கடமை. நெல் என்று பதிந்த நிலத்தில் பயறு நின்றால், சேதம் நேர்ந்த காலத்தில் நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் தடை ஏற்படும். பயிர்க் காப்பீட்டில் திடீர்ச் சேதம் சேர்க்கப்பட்டிருக்குமாயின், சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பதையும் விவசாயிகளுக்கு நினைவூட்டுவது நலம்.

மேற்கூறியவற்றால், இம்மாதங்களில் வானம் நமக்குத் தரக்கூடியது சொற்பம் என்பதும், கண்மாய் தரக்கூடியது இவ்வளவு என்று அளந்து அறியத்தக்கது என்பதும் விளங்கும். அளந்து பயிர் செய்த ஆயக்கட்டில், கோடை மழை வராவிட்டாலும் பயறு வீடு வந்து சேரும். வந்துவிட்டால் அது உழவுக்கும் தோப்புக்கும் மேல்வரவாகும். ஆகையால் ஒவ்வொரு ஊர் ஆயக்கட்டுதாரர்களும் நாற்றங்காலில் விதையை இடுவதற்கு முன்னரே, ஒரு நாள் காலையில் கண்மாய்க் கரையில் கூடி மடையாழத்தை அளந்து பார்ப்பார்களாக.